டீச்சரின் தொண்டை

பாட நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் கவர்னரின் மனைவி தன் புருஷனிடம் பேசுகிற நீளமான பேச்சு ஒன்று வரும். அதன் நடுவில், "சங்கிலியை இறக்கச் சொல்லுங்கள்" என்ற இடத்துக்கு வந்தபோது டீச்சரின் குரல் போய்விட்டது. கம்மிப் போகவில்லை, கரகரத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூட வரவும் இல்லை. நூல் அறுந்த தையல் மிஷினில் ஊசி மட்டும் ஏறி இறங்குகிற மாதிரி வாய் அசைந்தது, சத்தத்தைக் காணோம்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாடகப் பாடம் என்று வந்துவிட்டால் டீச்சர் அழுகிற கட்டத்தில் அழுவாள், குடிகாரன் வருகிற கட்டத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவாள். கவர்னருக்கு ஒரு குரல், காவல்காரனுக்கு ஒரு குரல், கிழட்டுப் பாதிரிக்கு மூக்கால் ஒரு குரல் என்று ஒருத்தியே ஊர் முழுக்க ஆகிவிடுவாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கடைசியில் அவள் சொல்கிற பதில்களை எழுதிக்கொண்டு போய்ப் பரீட்சையில் இறக்கிவைத்துவிடலாம். ஆகவே அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது பின் பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. அப்போதுதான் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து ஓடிப்போய்த் தலைமையாசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தொண்டை டாக்டரிடம் கணவரோடுதான் போனாள். அவர் நெசவு மில்லில் தறி ஃபிட்டர். ஆயிரம் தறி ஓடுகிற கொட்டகைக்குள் இருபத்தைந்து வருஷமாக எண்ணெயும் ஸ்பானருமாகத் திரிகிற மனிதர். காது எப்போது போனது என்று அவருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. சாயம் போகிற துணி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. டி.வி.யின் சத்தம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. கூடவே டீச்சரின் சத்தமும் ஏறியது. சோதித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், தனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, ஜனங்கள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

டாக்டரம்மா வயதானவர். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுமே, அதுபோலக் குரல் நாணில் இரண்டு பக்கமும் காய்த்திருக்கிறது என்றார். நான்கு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். அதில் அமுங்காவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு என்ன குரல் வரும் என்பதற்கு அவர் பொறுப்பில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல நாலு மணி நேரம் கத்துறீங்க, சரி. அதுக்கு இவ்வளவு காய்க்காதே. வீட்ல யார்கிட்ட கத்துறீங்க?"

டீச்சர் பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினாள். அங்கே ஃபிட்டர் சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தை, ஏதோ இயந்திரத்தின் குறுக்குவெட்டுப் படம்போல ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி, உங்களுக்குக் காது எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஃபிட்டர் மரியாதையாகச் சிரித்து, "ஆமாங்க, நல்ல டீச்சருன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை இரக்கமாகத்தான் பேசினார். ஆனால் அந்த இரக்கத்துக்குள் ஒரு ஏற்பாடு தயாராக இருந்தது. நான்கு வாரம் நூலகத்தில் உட்காரலாம். பதினொன்றாம் வகுப்பைப் பக்கத்து அறைச் சாரிடம் ஒப்படைத்துவிடலாம். அந்தச் சாரைப் பிள்ளைகள் கைடு சார் என்பார்கள். அவர் நாடகத்தைத் திறப்பதே இல்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கமா, முற்றுப்புள்ளியோடு கேட்டுக்கொண்டிருக்கும். அவர் வகுப்பில் தோற்றவர்கள் யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நூலகம் என்றால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் முதுகு வலி வந்த கணக்கு டீச்சர் அங்கே உட்காரப் போய், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஒரு தாளை எடுத்து எழுதினாள்: வகுப்பை என்னிடமே விடுங்கள். பேசாமல் நடத்துகிறேன்.

"நாடகத்தைப் பேசாம எப்படி டீச்சர் நடத்துவீங்க?" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி, முதலில் எழுதியதையே அடிக்கோடிட்டுக் கொடுத்தாள். சரி, பார்ப்போம், ஆனால் சத்தம் வந்தால் மறுநாளே மாற்றிவிடுவேன் என்று அனுப்பிவைத்தார்.

சத்தம் வந்தது. பேசாத டீச்சர் என்றால் பிள்ளைகளுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. முதல் நாள் அவள் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்புவதற்குள் வகுப்பு சந்தையாகிவிட்டது. மேஜையைத் தட்டினாள். ஸ்கேலால் தட்டினாள். தட்டத் தட்ட அது ஒரு தாளம்போல ஆகி, பின் பெஞ்சு அதற்கு ஏற்றமாதிரி ஆட ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கைடு சாரின் குரல் நின்றது. நின்றதைக் கேட்டதும் டீச்சர் ஸ்கேலைக் கீழே போட்டாள்.

அவள் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மேடை காலியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கினார்கள். அப்புறம் அவள் ஒவ்வொருவராகக் கையைக் காட்டி எழுப்பி முன்னால் அனுப்பினாள். நீ கவர்னர். நீ காவல்காரன். நீ கவர்னரின் மனைவி. படியுங்கள்.

பாடத்தில் இருந்தது நானூறு வருஷத்துக்கு முந்தைய நாடகம். ஒரு துறைமுக ஊர். வெளியூர்களில் கொள்ளை நோய். ஊருக்குள் நோய் வராமலிருக்க, துறைமுக வாயின் குறுக்கே பெரிய இரும்புச் சங்கிலியை இழுத்துக் கட்டச் சொல்கிறான் கவர்னர். அந்த நேரம் பார்த்து அவனுடைய தம்பி வருகிற கப்பல் சங்கிலிக்கு வெளியே வந்து நிற்கிறது. கப்பலில் நோய் இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று மட்டும் கொடி காட்டுகிறார்கள். சங்கிலியை இறக்குவதா, வேண்டாமா? அவ்வளவுதான் கதை. ஆனால் அது செய்யுளில், பழைய இங்கிலீஷில், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வாக்கியங்களில் இருந்தது.

பிள்ளைகள் படித்தது படு மோசம். ஒருவன் வரி முடிகிற இடத்திலெல்லாம் நின்று மூச்சு விட்டான். காவல்காரனாக நின்றவன் அடைப்புக்குறிக்குள் இருந்த குறிப்பையும் வசனமாகவே படித்தான். கவர்னர் வேஷம் 'மைக்' என்று பட்டப்பெயர் வாங்கிய பையனுக்குப் போயிற்று. பள்ளி விழாக்களில் வரவேற்புரை சொல்கிறவன். அவனுக்கு எல்லா வசனமும் வரவேற்புரைதான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது, பால் பொங்குவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது அவளுக்கு. ஒவ்வொரு வரிக்கும் தொண்டைக்குள் ஏதோ எழுந்து எழுந்து அடங்கியது. இரண்டு மூன்று நாள் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் ஒருவன், "இந்த இடத்துல கவர்னர் பொய் சொல்றார் டீச்சர்" என்றான். இன்னொருத்தி, இல்லை, பயப்படுகிறார் என்றாள். டீச்சர் எதுவும் சொல்லவில்லை, சொல்ல முடியாது. இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புத்தகத்தைக் காட்டினாள். அவர்கள் வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. மழைக்காலம் தொடங்கியிருந்தது. சமையலறைத் தகரக் கூரையில் விடாமல் தூறல். ஃபிட்டர் மில்லிலிருந்து வந்து, எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவள் எழுதிக் காட்டினால் கண்ணாடி எங்கே என்று தேடுவார். கண்ணாடி கிடைப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிவிடும். கை தட்டினால் திரும்புவதில்லை. தோளைத் தட்டினால் திடுக்கிட்டுக் கோபப்படுவார். "என்னம்மா, சொல்லித் தொலையேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, சொன்னதன் அபத்தம் உறைத்து அவரே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். டீச்சர் தேநீர் டம்ளரை டக்கென்று வைப்பதிலும் கதவைச் சாத்துவதிலும் தன் வசனங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

கேள்விப்பட்டு நாத்தனார் வந்து சேர்ந்தாள். ஃபிட்டரின் தங்கை, கல்யாணத்துக்கு முன்னால் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். பிறகு வெகு தூரத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை பெட்டியோடு வந்து இறங்கி, அண்ணிக்குத் தொண்டை சரியாகும்வரை அடுப்படி தன்னுடையது என்று அறிவித்துவிட்டாள். முட்டையும் சூப்பும் கஞ்சியுமாக வைத்துக் கொடுத்தாள். அவள் வந்ததும் வீட்டில் ஒரு வாய் கூடிற்று. டீச்சருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அதற்குள் வகுப்பு மூன்றாம் அங்கத்துக்கு மறுபடி வந்திருந்தது. கவர்னரின் மனைவியாகப் படிக்க அன்றைக்கு முறை சலவைக்கடைக்காரர் மகளுக்கு. கடைசிக்கு முந்திய பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருகிறவள். ஆஜர் சொல்வதே பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும். அவள் முன்னால் போய் நின்று, புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்த நீளமான பேச்சைச் சாதாரணமாக, யாரிடமோ வழி கேட்பதுபோலப் படித்தாள்.

சத்தமாக என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மைக் தன் கவர்னர் பதவியை மறந்து, "டீச்சர் படிச்ச மாதிரி படி. அழுவுற சீன் அது" என்று எடுத்துக்கொடுத்தான்.

அவள் புத்தகத்தை இறக்கினாள். "கத்தக் கூடாது."

"ஏன்?"

"அடுத்த ரூம்ல வேலைக்காரங்க தூங்குறாங்க. மேல போட்டிருக்கு பாரு. அவங்க எந்திரிச்சுட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே சொன்னாள். "அதுவும் இல்லாம, அவர் பக்கத்துலதானே நிக்கிறார். பக்கத்துல நிக்கிறவர்கிட்ட எதுக்குக் கத்தணும்?"

மறுபடி படித்தாள். இந்தத் தடவை கேட்பதற்காக எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டு, பிறகு அடங்கின. மைக் கவர்னராக அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் முறை வந்தபோது அவனும் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னான். தாழ்த்தியதும் அது வரவேற்புரையாக இல்லை.

டீச்சர் தன் பிரதியைப் புரட்டினாள். பல வருஷத்துப் பிரதி. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அந்தக் காட்சியின் தலையில், சாய்ந்த எழுத்தில் இருந்தது: அறையில் இருவர் மட்டும். அடுத்த அறையில் பணியாளர் உறங்குகின்றனர். அதற்குப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே 'உச்சக் குரல்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. இத்தனை வருஷமும் பின் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியிருக்கிறாள். பின் பெஞ்சுக்கும் கேட்டது, கைதட்டவும் செய்தார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நனைந்த குடையோடு வீட்டுக்குள் நுழைந்தவள், முன்னறையும் அடுப்படியும் ஒரே நேரத்தில் தெரிகிற நடைவழியில் நின்றாள். டி.வி. முழுச் சத்தத்தில் ஓடியது. கூரையில் மழை வேறு. அடுப்பின் முன் நின்ற நாத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறைப் பக்கம் பார்த்து வாயை அசைத்தாள். சத்தமே இல்லை. நாற்காலியில் இருந்த ஃபிட்டர் தலையை ஆட்டி, அவரும் வாயை அசைத்தார். நாத்தனார் சிரித்தாள். அவர் ஏதோ விரிவாகச் சொன்னார். உதடுகள் மாவு பிசைகிற மாதிரி பெரிதாக அசைந்தன. நாத்தனார் புருவத்தை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார்.

டீச்சர் டி.வி.யை நிறுத்தினாள். நாத்தனாருக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. இயல்பாகச் சொன்னாள்.

"மில்லு பேச்சு அண்ணி. தறி ஓடுறப்ப வாய் கிழியக் கத்தினாலும் கேக்காது. ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துத்தான் பேசிக்குவோம். அண்ணன் அதுல கில்லாடி. ஷெட்டுக்கு அந்தக் கோடியில நின்னு யாராவது சூப்பர்வைசரைத் திட்டினா, இந்தக் கோடியில இருந்து சிரிக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

மில்காரர்கள் சாடையாகப் பேசுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது என்று இரண்டு மூன்று சாடை இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு முழுப் பாஷையே இருக்கும் என்று தெரியாது. குடையைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனுக்கு எதிரே போய் நின்று, குரலில்லாமல் வாயை மட்டும் அசைத்து, நான் சொல்வது தெரிகிறதா என்று கேட்டாள்.

"தெரியுது" என்றார் அவர். உடனே ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அவள் அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். திருப்பிவிட்டுப் பேசினாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. தெருக்கோடி வரை கேட்கும்படி உப்பு வேண்டுமா என்று கேட்டதை, கடைக்காரன் முன்னால் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை கத்தியதை, அவருக்குக் கேட்கிற சத்தத்தில் அன்பாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்பதனால் சொல்லாமலேயே விட்டதையெல்லாம் சொன்னாள். ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே அவர் பேப்பரைப் பார்ப்பார், டி.வி.யைப் பார்ப்பார், தட்டைப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்திருந்தால் போதும் என்பதைச் சொல்லும்போது உதடு நடுங்கி வார்த்தை குழம்பியது. அதை இரண்டாம் தடவை சொன்னாள். அவர் ஒரு வார்த்தையையும் விடவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

ஃபிட்டர் தன் கைகளைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்பது நினைவு வந்து மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"மில்லுல யாருக்குமே கேக்காது" என்றார். "அங்க நான் செவிடன் இல்ல. வீட்ல ஒருத்தனுக்கு மட்டும் கேக்கலன்னா அவன் செவிடன்தானே. உன் வாயைப் பாத்துப் பேச ஆரம்பிச்சா அன்னையோட ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." பிறகு, "நீ கத்தினா கேட்டுச்சு. கேக்குதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

உங்கள் காது நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்கு என் தொண்டை போயிற்று என்று அவள் வாயசைத்தாள்.  அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் விரித்து வைத்தாள், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் மேஜையில் தன் வழக்கமான இடத்தை விட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் வாயைப் பார்த்தார். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட மனிதர் இப்படிப் பார்த்ததில்லை. கோபம் தீரவும் இல்லை. சர்க்கரையை எடுங்கள் என்று வாயசைத்தாள். எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு வார்த்தை. நாத்தனார் இருவரையும் பார்த்துவிட்டு, ஊரில் தன் அடுப்பு என்ன கதியில் இருக்கிறதோ என்று கிளம்பிப் போனாள்.

தலைமையாசிரியை ஒரு நாள் தாழ்வாரத்தில் வந்தவர், பதினொன்றாம் வகுப்பில் சத்தமே இல்லையே, வகுப்பை விட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு கட்சியாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலியை இறக்கலாம் என்பவர்கள் ஜன்னல் பக்கம். கூடாது என்பவர்கள் சுவர்ப் பக்கம். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருந்தார்கள். எதை எடுத்துச் சொன்னாலும் எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பது சட்டம்; சட்டம் கரும்பலகையில் இருந்தது. டீச்சர் பின் பெஞ்சு நாற்காலியில் இருந்தாள். தலைமையாசிரியை திடீரென்று ஒருவனை எழுப்பி, கவர்னர் கடைசிவரை சங்கிலியை இறக்காதது சரியா என்று இங்கிலீஷில் கேட்டார். அவன் இலக்கணத்தைக் கண்டந்துண்டமாக வெட்டிப் போட்டுக்கொண்டே, ஊர் அவருடையது இல்லை, அவரிடம் கொடுத்து வைத்தது, தம்பி மட்டும்தான் அவருடையவன், அதனால் சரி என்றான். எந்த கைடிலும் அது இல்லை. தலைமையாசிரியை தலையை ஆட்டினார். பிறகு டீச்சரின் பக்கத்தில் வந்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இதைப் பரீட்சைத்தாளில் எப்படி எழுதுவான் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

கேள்வி நியாயமானது. மாதத் தேர்வில் பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்த சிலருக்கு மார்க் குறைந்தது. மைக்கின் அப்பா வந்து சத்தம் போட்டார். டீச்சர் அவருக்குத் தாளில் பதில் எழுதிக் கொடுத்தாள். எப்போதும் வெறும் தாளைக் கொடுக்கிற நாலைந்து பேர் இந்தத் தடவை பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள், பிழையும் அதே அளவுக்கு இருந்தது. கைடு சாரின் வகுப்புத்தான் வழக்கம்போல முதலில். ஆனால் வகுப்பை மாற்றுகிற பேச்சு எழவில்லை. டீச்சரும் பின் பெஞ்சு நாற்காலியை முன்னால் நகர்த்தவில்லை.

நான்கு வாரம் முடிந்து டாக்டரிடம் போனார்கள். காய்ப்பு பாதிக்குமேல் அமுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம், மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இனி ஆயுசுக்கும் கத்தக் கூடாது. குரல் கொஞ்சம் கட்டையாகத்தான் இருக்கும், பழையது வராது. பிறகு டாக்டரம்மா ஃபிட்டரிடம், வீட்டில் அமைதியாக இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். அவர் இந்தத் தடவை படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இருக்குங்க" என்றார். "எனக்கும் ஒருதடவை பாத்துருங்க. வலது காது ரொம்ப மோசம்."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே சட்டைக் காலரை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலி மாறி உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு, காலி வகுப்பில், அவள் தன் பத்து நிமிஷத்தில் கொஞ்சத்தை எடுத்துச் செலவழித்துப் பார்த்தாள். காவல்காரன் வந்தான். கவர்னர்கூடச் சுமாராக வந்தான். கிழட்டுப் பாதிரி வரவில்லை. கவர்னரின் மனைவி மூன்றாவது வரியில் உடைந்துபோனாள். அந்தக் குரலுக்கு உண்டான படிக்கட்டே இடிந்து விழுந்திருந்தது. எல்லாரும் அவள் ஒருத்திக்குள்ளேயே இருந்தார்கள். இப்போது பாதிப் பேர் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அழும்போதும் தொண்டையை இறுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஃபிட்டருக்குக் காதில் மாட்டும் கருவி வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு, தட்டு வைக்கிற சத்தம் தலையில் சம்மட்டி அடிக்கிறது, நம் வீட்டுக் கடிகாரம் இவ்வளவு வாயாடி என்று தெரியாது என்று கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அவள் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டார். பழைய குரல் போய்விட்டது, இனி நாடகம் நடிக்க வராது என்று அந்தக் கட்டைக் குரலில் சொன்னாள். அவர் கருவியை அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி சொல் என்றார். சொன்னாள்.

"எனக்குப் பழைய குரல் எதுன்னே தெரியாதும்மா. கத்துறதுதான் தெரியும்" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அது என்ன நாடகம்? இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னே. எனக்குச் சொன்னதில்லையே" என்றார்.

மிச்சமிருந்த நிமிஷங்களில் டீச்சர் சொல்ல ஆரம்பித்தாள். நடிக்காமல், குரல் மாற்றாமல், நடந்ததைச் சொல்வதுபோல. துறைமுகம், நோய், சங்கிலி, தம்பியின் கப்பல். அவர் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருந்தார். கப்பலில் தண்ணீர் தீர்கிற இடம் வந்தபோது தொண்டையில் லேசாக உறுத்தியது. நிறுத்தி, போதும் என்று கையைக் காட்டினாள்.

அவர் எழுந்து போய் விளக்கைப் போட்டார். தன் நாற்காலியை இழுத்து, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ம். சத்தமில்லாமச் சொல்லு."

அவள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் சொன்னாள். சங்கிலியை இறக்கக் கூடாது, கவர்னர் செய்ததுதான் சரி என்றார் ஃபிட்டர். ஒரு தறியில் பிசகு என்றால் முதலில் அதை நிறுத்துகிறவன்தான் ஃபிட்டர் என்றார். தம்பி என்ன தறியா என்று அவள் கேட்டாள். அவருக்கும் சூடு ஏறி, மில் வழக்கம் வந்துவிட்டது. குரலை விட்டுவிட்டு உதட்டால் திருப்பிக் கொடுத்தார். நோய்க் கப்பலை உள்ளே விட்டவன் பேரை ஊர் எப்படிச் சொல்லும்? விடாதவன் பேரை அவன் பெண்டாட்டி எப்படிச் சொல்வாள் என்றாள் அவள். மேஜையில் கஞ்சி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கையை வீசி, கண்ணை உருட்டி, ஒருவர் வார்த்தையை ஒருவர் பாதியில் மறித்துச் சண்டை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.